மார்கழி மண்டபத்தில் உன் கடை

இன்று காலை ஏழு மணி பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வந்து உட்கார்ந்த பெண்ணின் பையிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வந்தது. மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு மட்டும் கை பரபரத்தது. பொறுக்க முடியாமல் முன்னால் குனிந்து, "பையில பொடவையாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமாம்மா, நேத்து மண்டபத்துல எடுத்தது. ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போறேன்" என்றவள் பையைத் திறந்து ஓரத்தை மட்டும் இழுத்துக் காட்டினாள். வெங்காயத் தோல் நிறம், மெல்லிய சரிகை. "நல்லா கீதா?"

நல்லா கீது என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் பங்கு கேட்கப் பக்கத்து சீட்டில் நீ இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்று உன் கடை நடந்தது. நீ போன பிறகு நடந்த முதல் கடை. நடந்தது என்று சாதாரணமாகச் சொல்லக்கூடாது, அமர்க்களப்பட்டது! எல்லாவற்றையும் முறையாகச் சொல்கிறேன், கேள்.

கடை என்ற பேச்சு வருவதற்கு முன்பே பன்னிரண்டு வருஷம் நாம் அந்த பஸ்ஸில் ஒரே சீட்டில் போயிருந்தோம். உத்திரமேரூரில் ஏறுவோம். நீ காஞ்சிபுரத்தில் இறங்கி ஜவுளிக்கடை வேலைக்குப் போவாய். நான் இன்னொரு பஸ் பிடித்து ஏனாத்தூரில் கல்லூரி ஆபீசுக்குப் போவேன். அதனாலேயே எனக்கு 'ஆபீசம்மா' என்று பெயர் வைத்தாய். என் டிபன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். உன் மகளுக்கு எந்தப் பாடத்தில் மார்க் குறைந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நான் உன் வீட்டுக்கு வந்ததில்லை. நீயும் என்னைக் கூப்பிட்டதில்லை. உன் அம்மா எங்கள் வயலில் நாற்று நட்டவர். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் நாம் பேசியதே இல்லை.

கடை பற்றிய பேச்சை நீ ஆரம்பித்தது ஒரு டிசம்பர் மாதத்தில். கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும். பஸ்ஸில் ஏறியதுமே உன் முகம் சரியில்லை.

"நேத்து ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. நம்ம ஊரு பக்கம்தான். கழனி வேலைக்குப் போறவங்க போல. ஒரு பொடவைய தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே நிக்கறாங்க. பிரிச்சுக் காட்டட்டான்னு கேட்டா, 'வேணாம்மா, பிரிச்சா வாங்கணுமில்ல'ன்றாங்க. பிரிச்சா வாங்கணும்னு எவன் சொன்னான் அவங்களுக்கு?"

"நீ இன்னா பண்ணின?"

"நான் எட்டு பொடவைய பிரிச்சேன். சூப்பர்வைசர் முறைச்சான். முறைச்சுக்கினு போறான்."

அன்றைக்குத்தான் உன் சின்ன வயசுக் கதையையும் சொன்னாய். யாரோ ஒரு புண்ணியவான் கிறிஸ்துமஸுக்காக உங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் கவுன் தைத்துக் கொடுத்தாராம். நல்ல துணி, நல்ல தையல், ஆனால் முப்பது கவுனும் ஒரே சிவப்பு வெள்ளைக் கோடு. பள்ளிக்கூடத்தில் உங்களைப் பார்த்து 'பந்தல் துணி வருது, பந்தல் துணி வருது' என்று கத்துவார்களாம். "கவுனு மேல தப்பே இல்ல. குடுத்தவரு மேலயும் தப்பில்ல. ஆனா போட்டுக்கினு வெளிய போனா, தானம் வாங்கினதுன்னு மொகத்துல எழுதி ஒட்டின மாதிரி இருந்துச்சு" என்றாய். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பி, "பொங்கலுக்கு முன்னாடி நாம ஒரு கடை போட்டா இன்னா? நெசமான கடை மாதிரி. பாய் விரிச்சு, கண்ணாடி வச்சு, பிரிச்சுக் காட்டி. காசு மட்டும் கெடையாது" என்றாய்.

பைத்தியம் என்று நினைத்தேன். ஆனால் உன் உற்சாகம் ஒட்டுவாரொட்டி. பாலாற்றுப் பாலம் வருவதற்குள் நானும் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதானே கிடக்கும் என்று சொன்னது நான்தான். மண்டபத்துக்காரரைப் போய்ப் பார்த்தோம். "பெருக்கிட்டு சாவிய குடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டார். துணிக்கு ஒரு அரிசி மில் முதலாளி ஒத்துக்கொண்டார். இருநூறு புடவை. ஆட்டோவில் மைக் கட்டி சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகச் சொல்லியாகிவிட்டது. புத்தாண்டு கழிந்த இரண்டாவது ஞாயிறு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

மாதிரிப் புடவையைப் பார்க்க அவர் மில்லுக்கு நாம் போனது நினைவிருக்கிறதா? மேஜை மேல் ஒரு நீலப் புடவை. நீ அதை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாய்.

"துணி நல்லா கீது சார். மத்த கலரெல்லாம்?"

"எல்லாம் இதே கலர்தான். மேடையில வரிசையா வரவழைச்சு நானே என் கையால குடுக்கறேன். போட்டோ எடுக்க ஆளு சொல்லிட்டேன். எல்லாரும் இதையே கட்டிக்கினு நின்னா பாக்க அழகா இருக்கும் இல்ல?"

நான் உன் கையைப் பிடித்து அழுத்தினேன், பேசாதே என்று. நீ பேசினாய். மரியாதையாகத்தான் பேசினாய். "சார், எங்க கடையில ஒரு கஸ்டமருக்கு ஒரே கலர்ல நாலு காட்டினாலே எழுந்து போயிடுவாங்க. அவங்களுக்குப் புடிச்சத அவங்க எடுக்கணும் சார். மேடை வேணாம். போட்டோவும் வேணாமே."

அவர் முகம் மாறியது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்ததன் பதில் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வந்தது. போனை நீ காதில் வைத்திருந்தாய். 'சரிங்க' என்று மூன்று தடவை சொன்னாய். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

"இல்லையாம்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். மண்டபம் இருக்கிறது, பாய் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, வரச்சொன்ன ஜனம் இருக்கிறது. துணி மட்டும் இல்லை. நான் உன்னைத் திட்டவும் செய்தேன். நீலப் புடவையாவது கிடைத்திருக்குமே, உன் ரோஷத்தால் அதுவும் போச்சே என்றேன். செய்யாற்றுப் பாலம் கடந்தது. உன் கண் கலங்கியிருந்தது, ஆனால் உன் மூளை ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

திடீரென்று கேட்டாய். "ஆபீசம்மா, ஒன் பீரோவுல கட்டாத பொடவ எத்தினி கீது?"

"கட்டாததுன்னா?"

"கல்யாணத்துல வச்சுக் குடுத்தது, கெரகப்பிரவேசத்துல குடுத்தது, நாத்தனார் குடுத்தது. ஒனக்குப் புடிக்காம மடிப்புக் கலையாம தூங்கிக்கினு கெடக்கறது."

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. நீ சீட்டைவிட்டு எழுந்தாய். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மொத்த பஸ்ஸுக்கும் கேட்கும்படி, "எக்கா, அம்மா, எல்லாரும் சொல்லுங்க, ஒங்க வூட்ல கட்டாத பொடவ எத்தினி கீது?" என்றாய்!

முதலில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல். "என்னாண்ட ஆறு." டிரைவருக்குப் பின்னாலிருந்து, "எங்க மாமியார் பொட்டியில ஒரு கடையே கீது, சாவிதான் குடுக்காது." பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "எனக்கு ரெண்டு. எங்க அண்ணி வேணும்னே எனக்கு ஆவாத கலரா பாத்து வாங்கும்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எனக்கு வேட்டிதான் கீது, சேத்துப்பியாம்மா?" என்றார். நீ அவரைக் கும்பிட்டாய். ஓரிக்கை ஸ்டாப்பில் இறங்கவேண்டிய இரண்டு பேர் இறங்காமல் பேசிக்கொண்டே காஞ்சிபுரம் வரை வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மறுபடி ஆட்டோ. இந்தத் தடவை மைக்கில் நீயே பேசினாய். "கட்டாத துணி ஒண்ணு கொண்டாங்க, புடிச்ச துணி ஒண்ணு எடுத்துக்கினு போங்க. கொண்டாற ஒண்ணும் இல்லன்னாலும் வாங்க. கொண்டாறவங்க பின்வாசல்ல குடுத்துட்டு, சுத்திக்கினு வந்து முன்வாசல்ல நொழையுங்க." அந்தப் பின்வாசல் யோசனையை நான் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. நீதான் விளக்கினாய். முன்வாசலில் எல்லோரும் வெறுங்கையோடு வருவார்கள். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் நாம் இரண்டு பேரும், என்னுடைய பதினொரு புடவையும், கண்டக்டரின் வேட்டியும்தான். ஒன்பதரைக்கும் அவ்வளவுதான். நீ இருந்த பதினொன்றையே எடுத்து அடுக்கினாய், கலைத்தாய், மறுபடி அடுக்கினாய். பத்து மணிக்குப் பின்வாசலில் ஒரு சைக்கிள் மணி. பிறகு டிவிஎஸ் வண்டி. பிறகு ஒரு டிராக்டரே வந்தது, டிரெய்லர் நிறையப் பெண்கள்! ஊர்த் தெருவிலிருந்து வந்தார்கள், உன் தெருவிலிருந்து வந்தார்கள். துணி வாங்கி அடுக்கி எனக்கு மூச்சு முட்டியது. மண்டபம் முழுக்க பாச்சை உருண்டை நெடி. எத்தனை வருஷத்துத் தூக்கம் அது! பட்டு, பூனம், சுங்கடி, பெயர் தெரியாத ஜிகினா எல்லாம் பாயில் வந்து விழுந்தன.

நீ பாய்க்கு நடுவில் நின்றாய். அந்த மாதிரி உன்னை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்குகிறவள் இல்லை. ஒரு வீச்சில் புடவையைக் காற்றில் விரித்தாய், அது மெதுவாக இறங்கி எதிரே உட்கார்ந்தவர் மடியில் விழுந்தது. "அக்கா, ஒங்க நெறத்துக்கு இந்த மாம்பழக் கலரு எடுத்துக் குடுக்கும். தோள்ல போட்டுப் பாருங்க. கண்ணாடியாண்ட போங்க, ஓசிதான், எவ்ளோ நேரம் வேணா பாருங்க."

அன்று நடந்ததில் நீ அதிகம் கொண்டாடியது எதை என்று சொல்லட்டுமா? உன் தெருவுக்கு அடுத்த தெரு எல்லம்மா. வாழ்நாளில் ஒரு புடவையைக்கூடப் பிரித்துப் பார்த்து வாங்காதவள். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பதினாலு புடவையைப் பிரிக்க வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. பார்டர் பெரிசு. பூ சிறிசு. இது சாயம் போவும். கடைசியில் முட்டியில் கையூன்றி எழுந்தாள். "ஒண்ணும் புடிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

எனக்குக் கோபம். "இன்னா திமிரு பாரு" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாய். நிஜமாகவே குதித்தாய். "ஆபீசம்மா, புடிக்கலன்னு சொல்லிட்டுப் போவுது பாத்தியா? சும்மா குடுக்கறத வேணாம்னு சொல்லிட்டுப் போவுதுடீ! இப்பதான் இது கடை!" அந்த எல்லம்மா சாயந்திரம் திரும்பி வந்து, முதலில் பார்த்த புடவை இன்னும் இருக்கிறதா என்று கேட்டது தனிக்கதை. நீ அதை அவளுக்காக எடுத்து வைத்திருந்தாய். திரும்பி வருவாள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

நாலு மணிக்குக் கூட்டம் குறைந்தது. நீ என்னைப் பார்த்து, "நீ இன்னும் எடுக்கல" என்றாய்.

"எனக்கு எதுக்கு?"

"எல்லாரும் எடுத்தாங்க. நீ மட்டும் குடுத்துட்டுப் போனா அப்புறம் இது கடை இல்ல."

நான் தயங்கினேன். அந்தத் தயக்கம் எதனால் என்று உனக்குத் தெரியும். எந்த வீட்டிலிருந்து வந்த துணியோ என்று என் மனசு கேட்டது. அது பாழாய்ப்போன கேள்வி. நீ என் முகத்தைப் படித்துவிட்டாய். மிச்சப் புடவைகளை மடிக்க ஆரம்பித்தாய். நான் அவசரமாகக் குனிந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்தேன். கடுகு நிற பார்டர். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பீரோவில் அடியில் வைத்தேன்.

மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. நான்தான் தூங்கவில்லை. பொங்கல் அன்று கட்டலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். காணும் பொங்கலன்று காலையில் எடுத்துக் கட்டிவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டு, "எவ கட்டினதோ" என்றார். "எவளும் கட்டல, புதுசு" என்றேன். சொன்ன உடனேயே அந்தப் பதிலுக்காகக் கூச்சப்பட்டேன். கட்டியிருந்தால்தான் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அந்தக் கூச்சமே என்னை வாசலைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. அந்தப் புடவையோடு, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, உன் தெருவுக்கு வந்தேன்.

நீ கோலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, புடவையைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாய். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "அய்யோ, அது எங்க அண்ணி எனக்குக் குடுத்தது! எனக்குப் பச்சை ஆவவே ஆவாது" என்று கத்தினாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "ஒங்களுக்கு நல்லாத்தான்மா கீது." அவள் கட்டியிருந்தது என் நாத்தனார் எனக்குக் கொடுத்த ஊதா! நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்த சிரிப்பில் உன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "உள்ள வாம்மா" என்றார். வந்தேன். கரும்பு தின்றோம். நீ அன்று என்னிடம் அதிகம் பேசவில்லை. எனக்குத் தட்டு வைக்கும்போது மட்டும், "வந்துட்டியா" என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கடை பெரிதானது. இரண்டாம் வருஷம் மில் முதலாளியின் மனைவி பின்வாசலில் நாலு புடவை கொடுத்துவிட்டு, முன்வாசல் வழியாக வந்து பாயில் உட்கார்ந்தார். நீ எல்லோருக்கும் காட்டுவது போலவே அவருக்கும் காட்டினாய். மூன்றாம் வருஷம் பிள்ளைகள் துணி, வேட்டி, சட்டை. நாலாம் வருஷம் கூட்டத்தை வரிசையில் விடவே ஆள் வைக்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் வருஷத்துக்கு நீ இல்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல். நாலு நாள். ஆஸ்பத்திரியில் நான் வந்தபோது உனக்குப் பேச மூச்சு போதவில்லை. பயமாக இருக்கிறது என்றோ, மகளைப் பார்த்துக்கொள் என்றோ நீ சொல்லவில்லை. "மண்டபத்துச் சாவிக்குச் சொல்லிட்டியா?" என்றாய். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். மறுநாள் உன்னை அடக்கம் செய்துவிட்டு, நேராக மண்டபத்துக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

சாவி வாங்குவது சுலபம். நேற்றுக் காலை பாய்க்கு நடுவில் நான் நின்றேன் பார், அதுதான் கஷ்டம். எனக்கு ஃபைல் அடுக்கத் தெரியும், புடவை வீசத் தெரியாது. முதல் புடவையைப் பிரித்தேன். அது என் காலைச் சுற்றிக்கொண்டது. வந்த பெண்களே பாவம் பார்த்து மடித்துக் கொடுத்தார்கள். பத்தரைக்கே கூட்டம் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஏழு பெண்கள் இறங்கினார்கள். ஏழு பேரும் ஒரே மாதிரி கடைப் புடவையில், கொண்டையில் வலை போட்டு. உன் ஜவுளிக்கடைப் பெண்கள்!

"ஆபீசம்மா நீங்கதானே? அக்கா சொல்லியிருக்கு" என்றாள் ஒருத்தி. கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிப் பாயில் ஏறிவிட்டாள்.

"பொங்கல் வியாபாரத்துல ஏழு பேருக்கு லீவு குடுத்தாங்களா?"

"அக்கா பேர சொன்னோம். மொதலாளி ஒண்ணும் பேசல. சாயந்திரம் நாலு மணிக்குள்ள வந்துடுங்கன்னாரு." அவள் என் கையிலிருந்த புடவையை வாங்கினாள். "தள்ளுங்கம்மா, நீங்க பின்வாசல பாருங்க."

ஏழு பாய், ஏழு பேர், ஏழு புடவை ஒரே நேரத்தில் காற்றில் ஏறின. மண்டபத்தில் ஒரு 'ஆ' என்ற சத்தம் எழுந்தது. அடேயப்பா, நீ பார்த்திருக்க வேண்டும்! உன் மகள் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் நின்று வரிசையை ஒழுங்கு பண்ணினாள். "ஒருத்தரு எவ்ளோ நேரம் பாத்தாலும் அவசரப்படுத்தக் கூடாது" என்று அவள் யாரிடமோ கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அந்த ஏழு பேரையும் ஆளுக்கொன்று எடுக்க வைத்தேன். வெட்கப்பட்டார்கள். விடவில்லை. நானும் ஒன்று எடுத்தேன். யாருடையது என்று தெரியாது, சாயம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, யாரோ கட்டியதுதான்.

இன்று ஆபீசுக்குப் போனேன். பொங்கல் கழித்து ஆரம்பிக்கிற இலவசப் பயிற்சி வகுப்புகளுக்குப் பெயர் எழுதுவது என் வேலை. முன்பெல்லாம் அப்படி வருகிறவர்கள் வராந்தாவில் நிற்பார்கள், ஜன்னல் வழியாக நான் ஃபாரம் நீட்டுவேன், இலவசமாகச் சேர்ந்தவர்களின் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன். உன் முதல் கடை முடிந்த வாரமே அந்தப் பட்டியலை நான் கிழித்துப் போட்டேன். உன்னிடம் அதைச் சொன்னதில்லை. என் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன்.

இன்று முதலாவதாகத் தென்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அவர் உட்காரவே இல்லை. "நிக்கறேம்மா, பரவால்ல." இரண்டு தடவை சொன்ன பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எந்த வகுப்பு என்று கேட்டேன்.

"நீங்க எத குடுத்தாலும் படிக்கும்மா. தையல் கெடச்சாலும் சரி."

நான் அவரைப் பார்க்காமல் பெண்ணைப் பார்த்தேன். எல்லா வகுப்பின் தாளையும் எடுத்து அவள் முன்னால் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். தையல், கம்ப்யூட்டர், கணக்கு, நர்சிங் உதவி, மற்றதெல்லாம். "ஒனக்கு எது புடிச்சிருக்கு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நிதானமாக எல்லாத் தாளையும் படித்தாள். நான் காத்திருந்தேன். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். நான் திரும்பவில்லை. கடைசியில் அவள் விரல் ஒரு தாளின் மேல் வந்து நின்றது.

"ஏசி மெக்கானிக்" என்றாள்.

அவள் அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்புதான். அந்த வகுப்பில் இதுவரை ஒரு பெண்பிள்ளைகூடச் சேர்ந்ததில்லை. நான் பேனாவைத் திறந்து அவள் பெயரை முதல் வரியில் எழுதினேன்.